பறவையைத் திட்டுகிறவரிடம் வழி கேளுங்கள்

பேராக்கில் பறவை பார்க்க ஆட்களை அழைத்துப்போகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள். ஒலிவாங்கியைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தொலைநோக்கி வாங்கலாம், எந்தச் செயலியில் எப்படிப் பதிவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் நான் போகவில்லை. நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு அதை எப்படிக் கெடுக்காமல் இருப்பது, இந்த இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள். ஓர் இடத்தில் நிற்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். பீடோர் கொய்யாத் தோட்டத்தில் பிஞ்சுக்கு உறை கட்டினேன். கேமரன் மலையில் கோஸ் நட்டேன். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினேன். பிறகு வேன் ஓட்ட உரிமம் எடுத்து, தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கினேன். வாடகை கொடுக்க முடியாத மாதங்களில் வேனிலேயே தூங்கினேன். மழைக்கு ஒழுகாத வேன். குறை சொல்ல முடியாது.

ஒருநாள் பறவை பார்க்கிறவர்கள் சிலர் வேனை வாடகைக்கு எடுத்தார்கள். காட்டோரம் இறக்கிவிட்டால் மதியம் வரை நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். என்னால் முடியுமா? பின்னாலேயே போய்விட்டேன். அன்று போனவள்தான், காது கைவிடும் வரை திரும்பவில்லை. இப்போது சிறு பறவைகளின் மெல்லிய குரல் எனக்கு எட்டுவதில்லை. குரல் கேட்காத வழிகாட்டியை நம்பி ஆட்கள் வரக்கூடாது என்று நானே நிறுத்திக்கொண்டேன்.

ஆரம்ப காலத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே வரிசை வீடுகள் இருக்கின்றன அல்லவா, அந்தப் பக்கம் விடிகாலையில் ஒரு குழுவோடு போனேன். ஒரு சோலைப்பாடி பாடிக்கொண்டிருந்தது. மலாய்க்காரர்கள் முராய் பத்து என்பார்களே, அதுதான். நல்ல கனமான பாட்டு. குழுவில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து, சத்தம் வந்த திசையில் நடந்தோம். ஒரு சந்து திரும்பினோம். ஒரு வீட்டு மாடியில் கூண்டு தொங்கியது. கீழே சாரோங் கட்டிய ஒருவர் பல் துலக்கியபடி எங்களைப் பார்த்தார். அத்தனை பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் நுரையோடு சிரித்தார்.

விஷயம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் புலம்ப ஆரம்பித்தார். "இது பாடினா போச்சு லா. மலையிலேர்ந்து ஒரு காட்டுப்பய எறங்கி வந்து கூண்டுமேல பாஞ்சி சண்டை போடுறான். என் முராய்க்கு வாலே போச்சு. தினமும் இதே தொல்லை."

"எந்தப் பக்கத்திலேர்ந்து வருதுண்ணே?" என்று கேட்டேன்.

கையிலிருந்த பிரஷ்ஷாலேயே காட்டினார். வீடுகளுக்குப் பின்னால் மலையடியில் மூங்கில் புதர், பக்கத்தில் ஒரு சிற்றோடை. எந்தச் செயலியிலும் இல்லாத இடம். நிஜச் சோலைப்பாடியைப் பிறகு பல வருடம் அங்கேதான் காட்டினேன்.

அன்றிலிருந்து நான் பறவை பிடிக்குமா என்று யாரிடமும் கேட்பதில்லை. பிடிக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. பறவையை யார் திட்டுகிறார்கள் என்று தேடுவேன். மீன்குளம் வைத்திருப்பவர் நாரையைத் திட்டுவார். எந்த நாரை, எத்தனை மணிக்கு, எந்தக் கரையில் என்று அவருக்குத் தெரியும். கொய்யாத் தோட்டக்காரர் கொண்டைக்குருவியைத் திட்டுவார். நெல் போட்டவர் சில்லையைத் திட்டுவார். செயலியில் இருக்கும் புள்ளி நேற்று யாரோ நின்ற இடம். திட்டுகிறவர் சொல்வது நாளைக்குப் பறவை வரப்போகும் இடம். செயலியை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டீயை இவரோடு குடியுங்கள்.

அப்படித் திட்டியவர்களிலேயே என் மனதில் நிற்பவர் மாணிக்கம் அண்ணன். பீடோரிலிருந்து உள்ளே போனால் ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் எல்லாம் எப்போதோ வெட்டப்பட்டு எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. வீடுகளை இடித்துவிட்டார்கள். மிஞ்சியது மாரியம்மன் கோயிலும், அதன் எதிரில் மணல் கலந்த ஒரு பந்துத் திடலும்தான். மாணிக்கம் அண்ணன் அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். இப்போது கோயிலுக்குத் தலைவர். கோயிலுக்குப் பின்னால் பெட்டிகளில் கெலுலுட் தேனீ வளர்த்தார். கொடுக்கே இல்லாத குட்டித் தேனீ அது, ஈ மாதிரி இருக்கும்.

தேன் வாங்கப் போன இடத்தில் அவர் திட்டுவது காதில் விழுந்தது. "தேன் எங்கேர்ந்து வரும்? எல்லாத்தையும் அந்தத் திருட்டுப் பறவைங்க தின்னுடுது. வாங்க, காட்டுறேன்."

திடலுக்கு அழைத்துப்போனார். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். ஒன்றிரண்டு இல்லை, திடல் முழுக்க. தரையில் எலி வளை போலத் துளைகள். ஒவ்வொரு துளையும் சரிவாக உள்ளே போய், அடியில் முட்டையும் குஞ்சுமாக இருக்கும். செம்பட்டைத் தலை, நீலத் தொண்டை, பச்சை இறக்கை, வால் நுனியில் கம்பி போல நீண்ட இறகு. ஒன்று துளையிலிருந்து வந்தால் இன்னொன்று உள்ளே போகிறது. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அழகா இருக்குண்ணே," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அழகா? உங்க தேனீயத் தின்னா தெரியும்."

அதற்கு மேல் நான் அழகைப் பற்றிப் பேசவில்லை. முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, "அண்ணே, திட்டுறதுதான் திட்டுறீங்க, நல்லாப் பாத்து திட்டுங்க. என்ன திங்குதுன்னு சாட்சி வேணும்ல?" என்றேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. வழக்குக்குச் சாட்சி தேடுகிறவர் மாதிரி கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பறவை எதையோ பிடித்துவந்து திடலோர மின்கம்பியில் உட்கார்ந்து, கம்பியில் அடித்தது, தேய்த்தது, மறுபடி அடித்தது.

"எதுக்கு இப்படிப் போட்டு அடிக்குது?"

"கொடுக்கை எடுக்குதுண்ணே. தேய்ச்சி விஷத்த வெளியாக்கிட்டுத்தான் முழுங்கும்."

அடுத்த அடியையும் பார்த்தார். பிறகு கண்ணை எடுக்காமலே, "என் தேனீக்குத்தான் கொடுக்கே இல்லையே," என்றார்.

"இல்லதான்."

"அப்ப அது குளவி."

"இருக்கலாம்ணே."

"ஒண்ணு குளவின்னா எல்லாம் குளவி ஆயிடுமா? அடிக்காம முழுங்குறதெல்லாம் என்னுது."

விட்டுவிட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த இடத்தில் நான் வாதத்தில் ஜெயித்திருக்கலாம். ஜெயித்திருந்தால் அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசியிருக்க மாட்டார். அதற்கு மாறாக, ஒவ்வொரு வாரமும் நான் போகும்போது அவர் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கி, எது தன் தேனீ, எது இல்லை என்று எனக்கே சொல்ல ஆரம்பித்தார். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இடத்தை நான் செயலியில் போடவில்லை. பீடோர் வட்டாரம் என்று மட்டும் பதிந்தேன். கூடு இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் போடாதீர்கள். புகைப்படக்காரர்கள் கூட்டம் வந்து துளைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் பறவை தீனியோடு சுற்றிச் சுற்றிப் பறக்குமே தவிர உள்ளே போகாது.

சித்திரை முடியும் நேரம், ஈப்போவிலிருந்து ஒரு குழுவை அழைத்துப் போனேன். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரும் அவருடைய தோழிகளும். செம்பனைக்குள் வேன் திரும்பியதுமே சத்தம் வேறு மாதிரி இருந்தது. பறவைகள் எல்லாம் மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன. திடல் ஓரத்தில் ஒரு மண்வாரி இயந்திரம் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாணிக்கம் அண்ணன் கழுத்தில் துண்டோடு நின்று கையைக் காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் திருவிழா," என்றார் என்னைக் கண்டதும், கண்ணைப் பார்க்காமல். "வர்ற காரு, காடியெல்லாம் நிறுத்த இடம் வேணும். சமப்படுத்தணும்."

இயந்திரம் ஒருமுறை போய்த் திரும்பினால் போதும். அடியில் இருப்பதெல்லாம் மூடிப்போகும்.

மருத்துவர் கைப்பேசியைத் தூக்கிவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"டாக்டர், போன உள்ள வைங்க," என்றேன்.

"எதுக்குக்கா? இப்பவே எடுத்துப் போட்டா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"ஊரே வந்து நிக்கும். அதுக்குத்தான் சொல்றேன்."

அவருக்குக் கோபம். என்னைப் பயந்தவள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கோயில் தோட்டக் கம்பெனி நிலத்தில், கம்பெனி அனுமதியில் நிற்கிறது. காணொளி பரவினால் கோயில்காரர்கள் குஞ்சுகளைக் கொன்றார்கள் என்றுதான் நாடு பேசும். தலைவலி வேண்டாம் என்று கம்பெனி கேட்டைப் பூட்டும். முதலில் கோயில் போகும். ஆள் வராத திடலில் செம்பனைக் கன்று நடுவார்கள். அடுத்து பறவையும் போகும். நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்ற சந்தோஷம் மட்டும் நமக்கு மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் செய்தது இவ்வளவுதான். வேனிலிருந்து டீ ஃபிளாஸ்க்கை எடுத்து, இயந்திரம் ஓட்டும் ஆ லெக்கிடம் போனேன். பக்கத்து ஊர்ச் சீனர். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். "டீ குடிச்சிட்டு ஆரம்பிங்க லா," என்றேன். டீ என்றால் யாரும் இயந்திரத்தை நிறுத்துவார்கள். நிறுத்தினார். காது கொஞ்சம் அமைதியானது.

பிறகு மாணிக்கம் அண்ணனிடம் பறவையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணே, போன வருசம் காடியெல்லாம் எங்க நிறுத்துனாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அணை உடைந்த மாதிரி கொட்டினார். ரோட்டோரம் முழுக்க நிறுத்தினார்களாம். ஒன்று வாய்க்காலில் இறங்கிவிட்டது. பழக்குலை ஏற்றிய லாரி அன்று முழுக்க மாட்டிக்கொண்டது. தோட்ட மேனேஜர் நேரில் வந்து, இன்னொரு தடவை ரோட்டை அடைத்தால் இனிமேல் திருவிழாவே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். "எல்லாம் எங்கெங்கயோ போயிட்டானுங்க. ஈப்போ, கிள்ளான், ஜோகூர். வருசத்துல இந்த ஒரு நாள்தான் ஒண்ணா பாக்குறோம். அதுவும் போச்சின்னா இந்தக் கோயிலுக்கு விளக்கேத்த நான் ஒருத்தன்தான். நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்றது? பறவையப் பாத்துக்கிட்டு நிக்கவா?"

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மருத்துவரின் கை தானாகக் கீழே இறங்கியது. கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

"அப்ப திடல் வேணாம், காடிக்கு இடம்தான் வேணும். அப்படித்தானேண்ணே?"

"ரெண்டும் ஒண்ணுதான லா?"

டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த ஆ லெக் அங்கிருந்தே சொன்னார்: "எங்க மொதலாளி, தவுக்கே யார்ட் இருக்குல்ல, முச்சந்தியில. செம்பனைப் பழம் நிறுக்குற எடம். இந்த வருசம் திருவிழா லீவு நாள்ல வருது, லாரி ஒண்ணும் வராது. நூறு காடி நிக்கும்."

"அங்கேர்ந்து கோயிலுக்கு நடக்கச் சொல்றியா? கெழவிங்க என்னைய உயிரோட விடுமா?"

"யாரு நடக்கச் சொன்னா? யார்ட்லதான் டிராக்டர் சும்மா நிக்குது. பின்னால பெட்டி இருக்கு. ஆளை ஏத்திக்கிட்டு நீ ஓட்டு." ஆ லெக் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இல்ல, ஓட்ட மறந்து போச்சா அண்ணே?"

"யாருக்கு? எனக்கா?" மாணிக்கம் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "டேய், ஒங்க அப்பனுக்கே நான்தான்டா கியர் மாத்தக் கத்துக்குடுத்தேன்."

ஆ லெக் அங்கேயே தவுக்கேயைக் கைப்பேசியில் கூப்பிட்டுப் பேசினார். மறுமுனையில் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. சரி என்று அர்த்தம். வரவழைத்த இயந்திரத்தைச் சும்மா அனுப்ப மாணிக்கம் அண்ணனுக்கு மனசில்லை. டிராக்டர் குலுங்காமல் வர ரோட்டுப் பள்ளங்களை மூடவைத்தார். வாய்க்கால் கரையையும் கட்டவைத்தார். மேனேஜருக்கும் அதில் சந்தோஷம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நெருக்கடியில் உங்கள் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் பறவையைக் காப்பாற்றும் பேச்சாக இருக்கும். அதை விழுங்கிவிடுங்கள். எதிரில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் பாதி நேரம் பதில் அங்கேயே யாராவது ஒருவரிடம் இருக்கும். அவர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

திருவிழா அன்று நான் வேனோடு போயிருந்தேன். முடியாதவர்களை ஏற்றிவர என்னைப் போட்டிருந்தார்கள். ஆனால் வேனில் ஏற ஆளில்லை. பளபளவென்று காடியில் வந்து இறங்கியவர்கள் எல்லாம் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிராக்டர் பெட்டியில் ஏறினார்கள். "அடியே, தள்ளுடி!" "மச்சான், கைய குடு!" "அண்ணே, மெதுவா ஓட்டுங்க, நான் ஹார்ட் பேஷண்ட்டு!" என்று ஒரே கூச்சல். பல் மருத்துவர் முச்சந்தியில் சிவப்புக் கொடியோடு நின்று காடிகளை யார்டுக்குள் திருப்பிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தவர். மாணிக்கம் அண்ணன் மடித்துக் கட்டிய வேட்டியோடு டிராக்டரில் ராஜா மாதிரி போய் வந்தார். திடலில் பஞ்சுருட்டான்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் யாரோ வேப்பிலை கட்டிய கயிறு ஒன்றை இழுத்திருந்தார்கள். அவ்வளவுதான் வேலி.

பூஜை ஆரம்பிக்கும் நேரத்துக்கு ஒரு பெரிய கறுப்புக் காடி வந்தது. அந்தத் தோட்டத்தில் பிறந்து கோலாலம்பூரில் பெரிய ஆளாகி டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர்தான் சிறப்பு விருந்தினர். பெரிய காடியைப் பார்த்த மரியாதையில் முச்சந்தியில் யாரும் நிறுத்தவில்லை போல. ஓட்டுநர் நேராகத் திடலைப் பார்த்தார், காலியாக இருந்தது, கயிற்றை நோக்கித் திருப்பினார்.

நான் கோயில் வாசலில் இருந்தேன். ஓடினாலும் எட்டாது. கமிட்டி ஆட்கள் பூரணகும்பத்தோடு டத்தோவை வரவேற்கத் தயாராக நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. டத்தோவிடம் யார் சொல்வது?

அப்போதுதான் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த டிராக்டரிலிருந்து மாணிக்கம் அண்ணன் குதித்தார். அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைக்கவில்லை. கயிற்றுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். காடி அவர் முட்டியைத் தொடும் தூரத்தில் நின்றது. பின்கண்ணாடி இறங்கியது.

"அண்ணே, நான்தான்!" என்றார் டத்தோ சிரித்துக்கொண்டே.

"தெரியுது டத்தோ. இங்க ஏத்த வேணாம்."

"ஏண்ணே? காலியாத்தான இருக்கு?"

"காலி இல்ல. அடியில புள்ளைங்க இருக்கு."

டத்தோ திடலைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பஞ்சுருட்டான் அலகில் எதையோ வைத்துக்கொண்டு வந்து, காடிக்கு முன்னாலேயே தரைக்குள் நுழைந்து மறைந்தது.

"யாரு புள்ளைங்கண்ணே?"

மூச்சு வாங்கியது மாணிக்கம் அண்ணனுக்கு. கையை இறக்கவில்லை. "எல்லாம் என் தேனீயத் தின்னு வளந்த புள்ளைங்க லா. இத்தன நாளா தீனி போட்டு வளத்துட்டேன். இப்ப ஒங்க டயருக்குக் குடுக்கவா?"

டத்தோ கதவைத் திறந்து இறங்கினார். பளபளக்கும் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திடலைச் சுற்றி ஓரமாகவே கோயிலுக்கு நடந்தார். மாணிக்கம் அண்ணன் ஓட்டுநரின் பக்கம் வந்து, கண்ணாடியில் தட்டி, ஒரு கையால் வழி காட்டினார்.

"பின்னால எடு தம்பி. மெதுவா. இன்னும் மெதுவா."

(எனக்குத் தெரிந்து அந்த வருடம் அவர் தேன் விற்கவில்லை. கேட்டதற்கு, பறவைகளைத்தான் திட்டினார்.)